வந்து சேராத சரக்கு

லாரி வரவில்லை என்றால் கடைக்காரர் படும் பாட்டை நம் வியாபாரப் பெருமக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பணம் கட்டியாகிவிட்டது, பில் கைக்கு வந்துவிட்டது, லாரி ஆபீஸில் கேட்டால் "வழியில் இருக்கிறது" என்பார்கள். வாடிக்கையாளர் இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு எதிர்க் கடைக்குப் போய்விடுவார். நமக்கு இது இரண்டு நாள் விவகாரம், மிஞ்சினால் ஒரு வாரம். ஆனால் அமெரிக்காவில் மொன்டானா மலைப் பகுதியில் கடை வைத்திருந்த சில வியாபாரிகளுக்கு 1865ஆம் ஆண்டு வந்து சேர வேண்டிய சரக்கு 103 ஆண்டுகள் கழித்துத்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அப்போதும் அது கடைக்குப் போகவில்லை, அருங்காட்சியகத்துக்குப் போயிற்று.

அந்தச் சரக்கு போன படகின் பெயர் 'பெர்ட்ராண்ட்'. அதைப் பற்றிப் படிக்கப் படிக்க, இது சரித்திரப் பேராசிரியர்களைவிட மளிகைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை என்று நமக்குத் தோன்றியது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

ஆண்டுக்கு ஒரு கொள்முதல்

1863ஆம் ஆண்டு மொன்டானாவில் ஆல்டர் பள்ளத்தாக்கில் தங்கம் கிடைத்தது. கேள்விப்பட்டவர்கள் எல்லாம் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சில மாதங்களுக்குள் வர்ஜீனியா சிட்டி என்ற ஊர் அங்கே எழும்பிவிட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் கூடிய அந்த இடத்தில் விளைச்சல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. கோதுமை மாவு, சர்க்கரை, காப்பி, சோப்பு, மெழுகுவர்த்தி, செருப்பு, ஆணி என்று எல்லாமே வெளியூரிலிருந்துதான் வந்தாக வேண்டும். சாமான் வாங்க வருகிறவர்கள் காசுக்குப் பதில் தங்கத்தூளைக் கொண்டுவருவார்கள். ஆகவே கடைக்காரரின் தராசில் ஒரு பக்கம் சர்க்கரையை நிறுத்தால், மறுபக்கம் தங்கத்தையும் நிறுக்க வேண்டியிருந்தது.

ரயில் பாதை இன்னும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தெற்கே சால்ட் லேக் சிட்டியிலிருந்து மலைக் கணவாய் வழியாக மாட்டு வண்டியில் சரக்கு வரும். மற்றொரு வழி மிசௌரி ஆறு. செயின்ட் லூயிஸ் நகரில் நீராவிப் படகில் ஏற்றினால், ஆற்றை எதிர்த்து 3,500 கிலோமீட்டருக்கு மேல் போய், ஃபோர்ட் பென்டன் என்ற இடத்தில் இறக்கலாம். அங்கிருந்து மீண்டும் வண்டி. மலைப்பனி உருகி ஆற்றில் தண்ணீர் ஏறும் வசந்த காலத்திலும் கோடையின் தொடக்கத்திலும்தான் படகு மேலே போக முடியும். அதை விட்டால் அடுத்த ஆண்டுதான். அதாவது ஆற்று வழியை நம்பிய கடைக்காரருக்கு ஆண்டில் ஒரே கொள்முதல். எந்தச் சரக்கு எவ்வளவு ஓடும், எது தங்கும் என்று பன்னிரண்டு மாதத்துக்கும் முன்கூட்டியே கணக்குப் போட்டாக வேண்டும். மாதத்துக்கு இரண்டு தடவை ஆர்டர் கொடுத்துவிட்டு, 'இந்தத் தடவை கணக்குத் தப்பிவிட்டது' என்று புலம்பும் நாம் அவர்கள் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

பெர்ட்ராண்ட் படகு 1864இல் கட்டப்பட்டது. 161 அடி நீளம். பின்பக்கம் பெரிய துடுப்புச் சக்கரம். ஆழமில்லாத ஆற்றுக்கென்றே தட்டையாகச் செய்யப்பட்டதால், காலியாக இருக்கையில் ஒன்றரை அடித் தண்ணீரிலேயே மிதக்கும். 1865 மார்ச் மாதம் செயின்ட் லூயிஸிலிருந்து புறப்பட்டது. ஏப்ரல் 1ஆம் தேதி, ஒமாஹா நகரைத் தாண்டிச் சில மணி நேரப் பயணத்தில், தண்ணீருக்கு அடியில் மறைந்து நின்ற மரத்தில் அடித்தளம் கிழிபட்டது. பத்து நிமிடங்களுக்குள் படகு தரை தட்டிவிட்டது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

மிசௌரி ஆற்றில் இப்படி மூழ்கிய படகுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. கரையை அரித்து மரங்களை வேரோடு சாய்ப்பதும், அவற்றை இழுத்துச் சென்று சேற்றில் குத்தி நிறுத்துவதும் அந்த ஆற்றின் வழக்கம். படகுக்காரர்களுக்கு இது தெரியும். சரக்கு அனுப்புகிறவர்களுக்கும் தெரியும். தெரிந்தேதான் அனுப்பினார்கள். ஒரு பயணம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் படகுக்குப் போட்ட முதலே கைக்கு வந்துவிடும் அளவுக்கு அந்தக் காலத்தில் அந்தத் தொழிலில் லாபம் இருந்தது.

மாவுக் கலகம்

படகு மூழ்கிய அதே ஏப்ரல் மாதத்தில் வர்ஜீனியா சிட்டியில் நடந்த ஒரு சம்பவத்தையும் சொல்லியாக வேண்டும். படகு மூழ்கியதால் நடந்ததல்ல அது. படகு பத்திரமாகப் போயிருந்தாலும் கோடையில்தான் சரக்கு ஊர் போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் அந்தச் சரக்குக்கு அங்கே எவ்வளவு தவிப்பு இருந்தது என்பதை அது காட்டுகிறது.

அந்தக் குளிர்காலத்தில் பனி கடுமையாகப் பெய்து கணவாய்கள் அடைபட்டுவிட்டன. சால்ட் லேக் சிட்டியிலிருந்து கோதுமை மாவு ஏற்றிவந்த வண்டிகள் பாதி வழியில் நின்றன. ஊரில் இருந்த மாவு குறையக் குறைய விலை ஏறியது. கடைசியில் ஒரு பவுண்டு மாவு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவானது, ஒரு டாலரையும் தாண்டிவிட்டது. சில வியாபாரிகள் இன்னும் ஏறட்டும் என்று இருப்பை வெளியே காட்டவில்லை. பொறுத்துப் பார்த்த ஜனங்கள் ஆயுதங்களோடு திரண்டு, கடை கடையாக, கிடங்கு கிடங்காகத் தேடினார்கள். எதிர்பாராத மறைவிடங்களிலிருந்தெல்லாம் மாவு மூட்டைகள் வெளியே வந்தன. ஆனால் அவர்கள் கொள்ளையடிக்கவில்லை. தாங்களே ஒரு விலை நிர்ணயித்து, அந்த விலையை உரியவருக்குக் கொடுத்து, மாவைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டுக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் நம் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறோம். விலை ஏறியதற்குக் காரணம் கடைக்காரர் அல்ல, பனிதான். ஏறிய விலைக்கு வாங்கிய சரக்கை ஏறிய விலைக்குத்தான் விற்க முடியும். இதை அரசாங்கங்களும் பத்திரிகைகளும் எந்தக் காலத்திலும் சரியாகப் புரிந்துகொண்டதில்லை. அதே சமயம், ஊரே மாவு கிடைக்காமல் இறைச்சியை மட்டும் தின்று காலம் தள்ளும்போது மூட்டையை ஒளித்து வைத்து "ஸ்டாக் இல்லை" என்று சொன்னவருக்காக வாதாட நம் சங்கத்திலும் ஆள் கிடைக்காது. அந்தச் சிலரால் வெளிப்படையாக விற்ற வியாபாரிகளின் கதவும் தட்டப்பட்டது. ஒளித்தவர் யார், ஒளிக்காதவர் யார் என்று கூட்டம் பார்ப்பதில்லை.

தேடியது ஒன்று, கிடைத்தது ஒன்று

மூழ்கிய பெர்ட்ராண்டுக்கு வருவோம். காப்பீடு செய்யப்பட்டிருந்த சரக்கு என்பதால் கம்பெனிகள் உடனே முங்கு ஆட்களை அனுப்பின. அவர்கள் விலை உயர்ந்தவற்றில் பெரும்பகுதியை எடுத்துப் போய்விட்டார்கள் என்றே கொள்ள வேண்டும். முக்கியமாகப் பாதரசம். மணலிலிருந்து தங்கத்தைப் பிரித்தெடுக்க அந்தக் காலத்தில் பாதரசம் அவசியம். இயந்திரங்களும் கழற்றப்பட்டன. மளிகைச் சாமான்களை யாரும் சட்டை செய்யவில்லை. ஒரு டின் பழத்துக்காக யார் சேற்றில் இறங்குவார்கள்?

பிறகு ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டது. படகின்மேல் வண்டல் படிந்தது, மேலே புல் முளைத்தது. ஆனால் கதை மட்டும் ஊரில் உலவிக்கொண்டே இருந்தது. கப்பல் நிறையப் பாதரசம், ஆயிரக்கணக்கான காலன் விஸ்கி, பெட்டியில் தங்கம் என்று சொல்பவர் சொல்லச் சொல்ல வளர்ந்தது. 1968இல் ஒமாஹாவைச் சேர்ந்த புதையல் தேடுவோர் இருவர் பழைய வரைபடங்களையும் இரும்பை உணரும் காந்தக் கருவியையும் வைத்துக்கொண்டு, ஏறக்குறைய 30 அடி மண்ணுக்குக் கீழே படகு கிடந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்த நிலம் அரசாங்கத்தின் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருந்தது. ஆகவே சரித்திர மதிப்புள்ள பொருள்கள் அரசுக்கு என்றும், பாதரசம், விஸ்கி, தங்கம் ஆகிய மூன்றில் கிடைப்பதில் தேடியவர்களுக்குப் பங்கு என்றும் ஒப்பந்தம் ஆயிற்று.

தோண்டினார்கள். தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்ததால் பம்புகள் இரவு பகலாக ஓடின. கிடைத்த பாதரசக் குப்பிகள் ஒன்பது. பேசப்பட்டது 500. தங்கம் இல்லை. பங்கு போட்டுக்கொள்ளும்படி ஒன்றும் தேறவில்லை. மற்றபடி வந்தது எல்லாம் மளிகை, ஜவுளி, இரும்புச் சாமான்! பெட்டி பெட்டியாக, பீப்பாய் பீப்பாயாக, அன்று அடுக்கியது அடுக்கியபடி லட்சக்கணக்கான உருப்படிகள்.

இது பெர்ட்ராண்ட்தான் என்று எப்படி உறுதி செய்தார்கள் என்பது நம்மவர்களுக்குப் பிடிக்கும். படகின் சொந்த உபயோகத்துக்கான சாமான் இருந்த ஒரு பெட்டியில் 'பெர்ட்ராண்ட் ஸ்டோர்ஸ்' என்று அச்சுத்தகடு வைத்து மை பூசியிருந்தது. அந்த மார்க்காவே அத்தாட்சி ஆயிற்று. மற்ற பெட்டிகளிலும் அப்படியே சரக்குப் பெறுபவர் பெயரும் ஊரும் தெளிவாக இருந்தன. வர்ஜீனியா சிட்டி விவியன் அண்ட் சிம்ப்சன். அதே ஊர் ஜி.பி.டாரிஸ். டீர் லாட்ஜ் ஊரின் ஸ்டூவர்ட் அண்ட் கம்பெனி. ஹெல்கேட் ஊரின் வொர்டன் அண்ட் கம்பெனி. (ஹெல்கேட் என்றால் நரக வாசல். அந்தப் பெயருள்ள ஊரிலும் ஒருவர் கடை திறந்து வியாபாரம் நடத்தியிருக்கிறார்!) மூட்டையில் மார்க்கா போடும் பையனிடம் "தெளிவாக எழுதடா" என்று நாம் சலிக்காமல் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. நூறு வருஷம் சேற்றில் கிடந்தும் அந்த எழுத்துகளை வைத்து யார் சரக்கு எது என்று பிரிக்க முடிந்தது.

பெட்டிக்குள் இருந்தவை

பெட்டிகளைத் திறந்தவர்கள் எதிர்பார்த்தது சுரங்கத் தொழிலாளியின் முரட்டுச் சாமான். கோடரி, மண்வெட்டி, வெடிமருந்து, கலப்பை, கனத்த பூட்ஸ் எல்லாம் இருக்கத்தான் இருந்தன. ஆனால் கூடவே இருந்த தின்பண்டப் பட்டியலைப் பார்த்தால், காட்டுக்கு நடுவே கடை வைத்தவர்கள் தங்கள் வாடிக்கையாளரை எவ்வளவு நன்றாக அறிந்திருந்தார்கள் என்பது தெரிகிறது.

டின்னில் அடைத்த பீச் பழம், தக்காளி, சிப்பி இறைச்சி. பிராந்தியில் ஊறிய பழங்கள். புட்டியில் தேன், கடுகு விழுது, மிளகாய் சாஸ், ஊறுகாய். தண்ணீரில் கரைத்துக் குடிக்க எலுமிச்சைப் பானப் பொடிகூட டின்னில் வந்திருக்கிறது. இங்கிலாந்தில் தயாரான லீ அண்ட் பெரின்ஸ் கம்பெனியின் ஊஸ்டர் சாஸ் புட்டிகளும் இருந்தன. அந்த சாஸின் சேர்மானங்களில் நம் சமையலறைப் புளியும் ஒன்று என்பதை இடையில் சொல்லி வைக்கிறோம். கூடாரத்தில் படுத்து, பன்றி இறைச்சியும் பீன்ஸும் தின்று அலுத்த மனிதன், கையில் நான்கு காசு சேர்ந்ததும் முதலில் கேட்பது நாக்குக்கு ருசியாக ஏதாவது ஒன்று. அதைக் கணக்குப் போட்டுத்தான் ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். ஆற்றிலும் வண்டியிலும் எடைக்கு எடை கூலி கொடுத்து ஏற்றும் சரக்கில், கண்ணாடிப் புட்டியில் சாஸ் கொண்டுபோக ஒருவர் துணிந்தார் என்றால், அதற்கு அங்கே விலை இருந்தது என்றே அர்த்தம்.

இன்னொரு சரக்கு பெட்டி பெட்டியாக வந்தது. 'பிட்டர்ஸ்' என்ற கசப்பு மருந்து. ஹாஸ்டெட்டர் கம்பெனியின் புட்டிகள் அதிகம். வயிற்றுக் கோளாறுக்கும் காய்ச்சலுக்கும் கைகண்டது என்று விளம்பரம். உள்ளே இருந்ததில் பெரும்பங்கு சாராயம், கொஞ்சம் கசப்பு மூலிகை. குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தவரும் கூசாமல் வாங்கலாம். மருந்து என்று பெயர் வைத்து மற்றதை விற்கும் வித்தை எவ்வளவு பழையது பாருங்கள்.

டின்களின் கதை தனி. டின்னில் உணவை அடைத்துச் சூடாக்கினால் கெடாது என்பது அன்று வழக்கத்துக்கு வந்திருந்தது. அது ஏன் கெடுவதில்லை என்பதற்கான விஞ்ஞான விளக்கம் அப்போதுதான் பிரான்சில் பாஸ்டரின் ஆய்வுகளால் தெளிவாகிக்கொண்டிருந்தது. தயாரித்தவருக்கே முழுக் காரணம் தெரியாது. கைவேலையாகத் தகரத்தை வளைத்துப் பற்றவைத்த டின்கள் அவை. 1974இல், அதாவது 109 ஆண்டுகள் கழித்து, அமெரிக்க உணவுப் பதனீட்டாளர் சங்கத்தின் வேதியியல் ஆய்வாளர்கள் பெர்ட்ராண்ட் டின் உணவுகளைச் சோதித்தார்கள். பீச், சிப்பி, தக்காளி, தேன், கலவைக் காய்கறி. பார்வைக்கும் வாசனைக்கும் அவை நன்றாக இல்லை. ஏ, சி வைட்டமின்கள் பெருமளவு போய்விட்டிருந்தன. ஆனால் நுண்ணுயிர் வளர்ச்சி அறவே இல்லை. புரதம் குறையவில்லை. சுண்ணாம்புச் சத்து இன்றைய டின்களுக்குச் சமமாக இருந்தது. அடைத்த அன்று எவ்வளவு பத்திரமோ அன்றும் அவ்வளவு பத்திரம் என்று அறிக்கை கொடுத்தார்கள்.

இதைப் படித்துவிட்டு, அலமாரி மூலையில் காலாவதியாகிக் கிடக்கும் டின்களைத் துடைத்து முன்னால் வைக்க யாரும் கிளம்பிவிட வேண்டாம். உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்து நிற்கும்போது 1865ஆம் ஆண்டைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. அந்த டின்கள் கிடந்தது வெயில் படாத, காற்றுப் புகாத, குளிர்ந்த சேற்றில். நம் கடைக் கூரையின் கீழே மே மாதத்தில் அல்ல.

வயலுக்கு அடியில் ஒரு மொத்தக் கடை

பெர்ட்ராண்ட் தோண்டி இருபது ஆண்டுகள் கழித்து, அதே மிசௌரி ஆற்றின் கீழ்ப்பகுதியில் இன்னொரு படகு கிடைத்தது. 'அரேபியா' என்பது அதன் பெயர். 1856 செப்டம்பர் 5ஆம் தேதி, இன்றைய கான்சாஸ் சிட்டிக்கு அருகே ஒரு வால்நட் மரத்தில் மோதி மூழ்கியது. பதினாறு ஊர்களின் கடைகளுக்குச் சேர வேண்டிய சுமார் 200 டன் சரக்கு அதில் இருந்தது.

இதைத் தேடியவர்கள் நம்மைப் போன்ற தொழில்காரர்கள் என்பதால் நமக்கு இதில் தனி ஈடுபாடு. பாப் ஹாலியும் அவருடைய மகன்கள் டேவிட், கிரெக் ஆகியோரும் குளிர்சாதனத் தொழில் செய்தவர்கள். கூட்டாளிகளில் ஒருவரான ஜெரி மாக்கி உணவகம் நடத்தியவர். 1987இல் டேவிட் காந்தக் கருவியோடு ஒரு சோள வயலில் நடந்து படகைக் கண்டார். ஆறு அந்த இடத்திலிருந்து அரை மைலுக்கு மேல் விலகிப் போயிருந்தது. படகு 45 அடி ஆழத்தில். கைப்பணத்தோடு வங்கிக் கடனும் வாங்கி, 1988 நவம்பரில் தோண்டத் தொடங்கினார்கள். விவசாயி மறு விதைப்புக்கு நிலத்தைத் திருப்பிக் கேட்பார், ஆகவே குளிர்காலத்துக்குள் முடித்தாக வேண்டும். ஊற்றுத் தண்ணீரை இறைக்க இருபது பம்புகள், நிமிடத்துக்கு 20,000 காலன். பம்புக்கு டீசல் ஊற்றியே பணம் கரைந்தது.

இவர்களும் விஸ்கி தேடித்தான் போனார்கள். 400 பீப்பாய் என்று ஊரில் பேச்சு. ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. முதலில் அகப்பட்ட சரக்கு மழைக்குப் போடும் ஒரு ரப்பர் காலணி. பிறகு ஒரு மரப்பீப்பாய். மூடியைத் திறந்தால், உள்ளே மஞ்சள் வைக்கோலுக்கு நடுவே இங்கிலாந்துப் பீங்கான் தட்டுகள், ஒன்றும் உடையாமல் இருந்தன. 1856இல் அந்த வைக்கோலைத் திணித்து அடுக்கிய தொழிலாளியின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. பீங்கான் கடை வைத்திருப்பவர்கள் அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

அடுத்தடுத்து வந்தவற்றைச் சொல்லி மாளாது. 4,000க்கு மேல் செருப்பும் பூட்ஸும், தொப்பிகள், பேனாக் கத்திகள், ஆணிப் பீப்பாய்கள், கதவுக் குமிழ், கீல், ஜன்னல் கண்ணாடி, விளக்கு, சாவி, பிரெஞ்சு வாசனைத் திரவியம், மணிகள், மருந்துப் புட்டிகள். பச்சை நிறம்கூட மாறாத ஊறுகாய்ப் புட்டிகளும் கிடைத்தன. கூட்டாளிகளில் ஒருவர் புட்டியைத் திறந்து, ஓர் ஊறுகாயைக் கடித்துத் தின்று பார்த்தார். ருசி நன்றாகவே இருந்ததாம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. துணிச்சல்தான், ஆனால் 132 வருஷத்துச் சரக்கை ருசி பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் எந்த மளிகைக்காரருக்குத்தான் கை சும்மா இருக்கும்!

ஜவுளிக்காரர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. கம்பளியும் பட்டும் தாக்குப் பிடித்தன. பருத்தியும் லினனும் சேற்றில் கரைந்தே போயின. பெட்டி நிறையச் சட்டை இருந்த இடத்தில் பொத்தான்கள் மட்டும் குவியலாகக் கிடந்தன. பூட்ஸின் தோல் அப்படியே இருந்தது. தைத்த பருத்தி நூல் போய்விட்டதால் மேல் தோல் தனி, அடித்தோல் தனி என்று துண்டு துண்டாக வந்தது. ஒவ்வொன்றையும் ஜோடி சேர்த்து, தோலைப் பதப்படுத்தி, மறுபடி தைக்க வேண்டியதாயிற்று. கிடைத்தவற்றை உடனே காற்றில் உலர விட்டால் சுருங்கி நொறுங்கிவிடும். ஆகவே ஈரத்தோடு குளிர்பதனத்தில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சீர் செய்யும் வேலை பல ஆண்டுகள் நீடித்தது. குளிர்சாதனம் தெரிந்த குடும்பமாக இருந்தது அதிர்ஷ்டம்தான்.

அரேபியா மூழ்கியபோது ஆட்கள் எல்லோரும் தப்பினார்கள். ஒரே ஒரு கோவேறு கழுதை மட்டும் போயிற்று. 'நான் இழுத்துப் பார்த்தேன், பிடிவாதக் கழுதை நகரவில்லை' என்று சொந்தக்காரர் சொன்னதாகக் கதை. தோண்டியபோது கழுதையின் எலும்புக்கூடு சேணத்தோடு, கட்டிய இடத்தில் கட்டியபடியே கிடந்தது. அவர் அவிழ்க்கவே இல்லை! சரக்கு சேதத்துக்குச் சொல்லப்படும் சமாதானங்களைக் கேட்டுக் கேட்டுப் பழகிய நமக்கு இது ஆச்சரியமாக இல்லை.

எல்லாம் வெளியே வந்த பிறகு கூட்டாளிகளுக்கு முன்னால் ஒரு கேள்வி நின்றது. கடன் கழுத்தை நெரிக்கிறது. துண்டு துண்டாக விற்றால் வாங்க ஆள் உண்டு. முதலில் போட்ட திட்டமும் விற்பதுதான். ஆனால் முழுக் கடையும் கண் முன்னால் இருக்கும்போது, அதைச் சில்லறையாகப் பிரித்துக் கொடுக்க மனம் வரவில்லை. ஓர் ஊறுகாய்ப் புட்டி தனியாக ஒருவர் அலமாரியில் இருந்தால் அது வெறும் பழைய புட்டி. ஆணியும் தட்டும் செருப்பும் மருந்தும் ஒன்றாக இருக்கும்போதுதான், 1856இல் ஒரு கடைக்காரர் என்னென்ன வைத்திருந்தார், ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது தெரியும். ஒன்றைக்கூட விற்பதில்லை என்று முடிவு செய்து, 1991இல் கான்சாஸ் சிட்டியில் தாங்களே ஓர் அருங்காட்சியகம் திறந்து, நுழைவுச் சீட்டு வருமானத்தில் பராமரிப்பை நடத்தினார்கள். அவர்களும் வியாபாரிகள்தாம், தர்ம ஸ்தாபனம் நடத்தியவர்கள் அல்ல. சில்லறைக்கு விற்பதைவிட முழுச் சரக்கையும் காட்டுவதிலேயே நிலையான வருமானம் இருக்கிறது என்று கணக்குப் பார்த்ததும் அந்த முடிவில் இருந்திருக்கும் என்பது நம் எண்ணம். அப்படியானால் கணக்கு சரி.

பெறுபவர் பெயர்

சரக்கை இழந்த கடைக்காரர்கள் என்ன ஆனார்கள்? எல்லோரைப் பற்றியும் எழுத இடமில்லை. 'நரக வாசல்' வொர்டனை மட்டும் சொல்கிறோம். ஃபிரான்சிஸ் வொர்டன் என்ற அவர், தம் கூட்டாளி கிறிஸ்டபர் ஹிகின்ஸுடன் 1860இல் ஹெல்கேட்டில் கடை தொடங்கினார். படகு மூழ்கிய அந்தச் சமயத்தில்தான் அவர்கள் சில மைல் தள்ளி ஆற்றோரமாக ஒரு மர அறுவை ஆலையும் மாவு ஆலையும் அமைத்துக் கடையையும் அங்கே மாற்றிக்கொண்டிருந்தார்கள். மாவுக்காகக் கணவாயையும் ஆற்றையும் பார்த்துக்கொண்டிராமல், பக்கத்துப் பள்ளத்தாக்கில் விளையும் கோதுமையை அங்கேயே அரைத்து விற்கலாம் என்பது ஏற்பாடு. ஜனங்கள் ஆலையைத் தேடி வந்தார்கள், ஹெல்கேட் காலியாயிற்று. ஆலையைச் சுற்றி எழுந்த ஊர்தான் இன்றைய மிசௌலா நகரம். ஆற்றில் போன பெட்டிகள் வொர்டனை நொடித்துவிடவில்லை.

பெர்ட்ராண்ட் சரக்கு, படகு கிடைத்த சரணாலயத்திலேயே அதற்கெனக் கட்டிய கூடத்தில் வைக்கப்பட்டது. 2011இல் மிசௌரி ஆறு மீண்டும் பெருக்கெடுத்தது. ஒரு தடவை முழுக்கியது போதாதென்று, அதே சரக்கைத் தேடிக்கொண்டு தண்ணீர் வாசல்வரை வந்தது. பணியாளர்கள் ஒவ்வொன்றையும் எண்ணி, பட்டியலிட்டு, பெட்டியில் அடுக்கி, மேட்டுப் பகுதிக்கு அனுப்பினார்கள். வெள்ளம் வடிந்த பிறகு பட்டியலோடு சரிபார்த்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். சாஸ் புட்டி, பீச் டின், பிட்டர்ஸ், பூட்ஸ் எல்லாம் அலமாரிக்குத் திரும்பின. விவியன் அண்ட் சிம்ப்சன், டாரிஸ், ஸ்டூவர்ட், வொர்டன் என்ற பெயர்கள் மர பெட்டிகளில் இன்றும் படிக்கும்படியாக இருக்கின்றன.